கெட்டவன் வாசிப்பு

கேம்பிரிட்ஜ் லேஅவுட், அல்சூர்,
பெங்களூர்
18 ஆகஸ்ட் 1993

சௌபாக்கியவதி ராஜிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் உன் மன்னியும் பிள்ளை கேசவும் க்ஷேமம். மழை பிடித்துக்கொண்டதால் பாகீரதிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். காரணம் உப்பு இல்லை, ஆபீஸ் என்று அவருக்கு யார் சொல்வது? நீயும் குழந்தைகளும் சௌக்கியமா? உன் ஆத்துக்காரரின் சௌக்கியத்தைத்தான் பேப்பரிலேயே பார்த்துக்கொள்கிறேனே.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. தில்லிப் பார்சல் என்றதும் சோன்பப்டி என்று நினைத்து உன் மன்னி கத்திரிக்கோலோடு ஓடிவந்தாள். பிரித்தால் மசோதா! வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களில் செத்தவை எவை என்று பார்த்து ஒரே மூச்சில் நீக்கப்போகிறார்களாம். அந்தக் குழுவுக்கு உன் ஆத்துக்காரர் தலைவர். மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அண்ணா, இவர் உன்னைப் படித்துப் பார்க்கச் சொல்கிறார்."

ஏன், 'இவருக்கு'க் கை சுளுக்கிக்கொண்டிருக்கிறதா?

ராஜி, உனக்குத் தெரியாதது இல்லை. நானும் ராகவனும் லா காலேஜில் ஒரே பெஞ்சு. விதான சௌதாவில் சட்டம் எழுதும் பிரிவில் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. தில்லிக்கு ஒரே ஒரு டெபுடேஷன் இடம் வந்தபோது இரண்டு பேருமே விண்ணப்பிப்பதில்லை என்று அல்சூர் ஏரிக்கரையில் வைத்துப் பேசிக்கொண்டோம். நான் பேச்சைக் காப்பாற்றினேன். அவன் ரயிலேறினான். சிநேகிதனாக இருந்தால் அன்றோடு முகத்தில் முழிக்காமல் விட்டிருப்பேன். தங்கை புருஷன், என்ன செய்வது? அப்பா காரியத்தில் எதிரெதிர் இலையில் உட்கார்ந்தோம். ரசம் வேண்டுமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு அவன் நாட்டுக்கே சட்டச் சீர்திருத்தம் செய்கிறான். நான் இங்கே கூடுதல் செயலாளர். அந்தக் 'கூடுதல்' என்ற சொல் என் பெயர்ப் பலகையைவிட்டு இனிப் போகாது. செயலாளர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் ஒரு ஜில்லா ஜட்ஜைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். அவருக்கு மசோதா எழுதக் கற்றுக்கொடுத்து முடிக்கும்போது அடுத்தவர் வந்துவிடுகிறார்.

மசோதாவை பீரோ மேல் வைத்திருக்கிறேன். அதன்மேல் உன் மன்னி வடாம் டப்பாவை வைத்துவிட்டாள்.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் அண்ணா,
சேஷகிரி

●

புது தில்லி
2 செப்டம்பர் 1993

அண்ணாவுக்கும் மன்னிக்கும் ராஜி அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். மன்னி முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்லு. அதிதிக்குப் பரீட்சை நெருங்குகிறது. அடுத்த தடவை நிஜமாகவே சோன்பப்டி அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். 'இரண்டு வரியை விட்டுட்டியே' என்றார். விட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றேன். 'சேஷு ஒரு பக்கம் திட்டாம ரெண்டாவது பக்கத்துக்குப் போக மாட்டான்' என்றார்.

அண்ணா, கோபம் உங்களுக்குள். என்னை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வீட்டுக்கு வீடு டெலிபோன் இருந்தும், போட்டால் இவர் எடுத்துவிடுவார் என்று நீ போடுவதில்லை. கடிதமாவது வருகிறதே.

காரை விற்றுவிட்டோம். தில்லி டிராபிக்கில் ஓட்ட முடியவில்லை என்கிறார். ஆபீஸ் ஜீப் வந்து அழைத்துப்போகிறது. காலையில் காபி ஆனதும் நான் பேப்பர் வாசிக்க வேண்டும். சாயங்காலம் மசோதா வாசிக்க வேண்டும். நீக்கப்போகும் சட்டங்களின் அட்டவணை முழுவதையும் நான்தான் வாசித்தேன். தாலிகட்டிய நாளிலிருந்து இத்தனை இங்கிலீஷ் நான் பேசியதில்லை. மகாராஜா மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.

நேற்று அலுத்துக்கொண்டார். 'நீ நல்லவளா வாசிக்கறே. எனக்குக் கெட்டவன் வாசிப்பு வேணும். அதுக்கு உங்கண்ணாதான்.' என்ன அர்த்தம் என்றால், 'அவனையே கேளு' என்கிறார்.

கேட்டுவிட்டேன். நீயே சொல்லு.

ராஜி

●

பெங்களூர்
14 செப்டம்பர் 1993

சௌபாக்கியவதி ராஜிக்கு ஆசீர்வாதம்.

எல்லோரும் நலம். தவிட்டு ஒத்தடம் பலிக்கிறது. புகழ் உனக்கு, தவிடு வறுப்பது நான்.

கெட்டவன் வாசிப்பு என்றால் என்ன என்று கேட்டாய். அதை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது விதான சௌதாவில் மணி அடித்ததும் நாங்கள் வீட்டுக்குப் போவதில்லை. அன்றைக்கு எழுதிய சட்டப் பிரிவின் கார்பன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து அல்சூருக்கு வருவோம். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஏரியைச் சுற்றுவோம். ராகவன் சொல்வான்: 'சேஷு, நல்லவனுக்கு எதுக்குடா சட்டம்? அவன் பாட்டுக்கு ஒழுங்கா இருப்பான். கெட்டவன் இதை எப்படி வாசிப்பான்னு பாரு.' அவன் எழுதியதை நான் கெட்டவனாக இருந்து வாசிக்க வேண்டும். ஒருநாள் வட்டிக்காரன், ஒருநாள் சாராயக் குத்தகைக்காரன், ஒருநாள் வீட்டுக்காரன். எங்கே புகுந்து வெளியே வரலாம் என்று பார்ப்பேன். ஓட்டை அகப்பட்டால் அந்த ஆள் மாதிரியே பேசிக் காட்டுவேன். ஒரு தடவை மாறி உட்கார்ந்து பார்த்தோம், நான் எழுத, அவன் கெட்டவன். அவனுக்குக் கெட்ட புத்தியே வரவில்லை. தில்லி இடம் வருவதற்கு முந்திய கதை இது.

பிரேசர் டவுன் முனையில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். இரண்டாவது டீ கேட்டால் கொடுக்க மாட்டார். 'நக்கோ சாப், பித்தம்' என்பார். டீ விற்பவரே டீ வேண்டாம் என்கிறாரே என்று ராகவனுக்கு அவர்மேல் அபார மதிப்பு. நான் ஓட்டையைக் காட்டியதும் அவனும் பாய் மாதிரியே தலையை ஆட்டி 'நக்கோ' என்பான். பேனாவை எடுத்து, எழுதியதை ஒரே கோடாக அடித்துவிடுவான். விவாதம் கிடையாது. எழுதியவன் தன் எழுத்துக்காக வாதாடக் கூடாது என்பதுதான் எங்கள் ஒரே விதி.

மழை வந்தால் அப்பாதுரை வீட்டில் ஒதுங்குவோம். எங்கள் பிரிவின் தபேதார். வெள்ளைக் கோட்டும் சிவப்பு டவாலியுமாக மந்திரி அறை வாசலில் நிற்பாரே, அவர். ஏரிக்குப் பின்னால் லைன் வீடுகளில் குடியிருந்தார், இன்னும் இருக்கிறார். தண்டு என்று நாம் சொல்கிற கன்டோன்மென்டில் மூட்டை தூக்கவும் சாலை கூட்டவும் வந்த தமிழ் ஜனங்களுக்காக வெள்ளைக்காரன் கட்டிய வரிசை அது. அவர் மனைவி காந்தா சூடாகக் களி கிண்டி முட்டைக் குழம்பு ஊற்றுவாள். ராகவன் சாப்பிட்டானா என்று நீ கேட்கக் கூடாது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். நானா? நான் கெட்டவன். கேட்பானேன்?

இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வடாம் டப்பாவை இறக்கிவைத்துவிட்டு மசோதாவை எடுத்தேன். சும்மா புரட்டத்தான். அட்டவணையில் அந்த லைன் சட்டமும் இருக்கிறது. 'குடும்பம் இருக்கும்வரை இவர்களை வீட்டைவிட்டு எழுப்பக் கூடாது' என்று அந்த நாளில் எழுதிவைத்த சட்டம். அந்த ஜனங்களுக்குப் பட்டா கிடையாது. அந்த ஒரு சட்டம்தான் கூரை. அதை நீக்குகிறார் உன் ஆத்துக்காரர். நீக்கினாலும் ஏற்கனவே உள்ள உரிமைகளுக்குப் பங்கமில்லை என்று வழக்கமான காப்புப் பிரிவு ஒன்றையும் கீழே போட்டிருக்கிறார். அது போதும் என்று நினைக்கிறார்.

போதாது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாட்டுவண்டி போகும்.

என்ன ஓட்டை என்று சொல்ல மாட்டேன். கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல எழுதுவானே, அந்தக் கையெழுத்தில், 'சேஷு, வாசித்துச் சொல்லு' என்று ஒரு வரி எழுதட்டும். பெண்டாட்டியை ஸ்டெனோவாக வைத்துக்கொண்டு எனக்கு உத்தரவு அனுப்ப வேண்டாம்.

அண்ணா

●

புது தில்லி
30 செப்டம்பர் 1993

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம்.

முட்டைக் குழம்பு விஷயத்தைப் படித்ததும் இவர் சிரித்த சிரிப்பில் கை பட்டு காபி டம்ளர் விழுந்தது. இந்த மாதத்தில் எத்தனையாவது டம்ளரோ. இத்தனை வருஷம் எனக்காக வெங்காயத்தைக்கூட ஒதுக்கிவைத்த மனுஷர்! 'ரெண்டாம் தரம் வாங்கினது சேஷுதான், ரெக்கார்டுல திருத்தச் சொல்லு' என்கிறார்.

அப்புறம் அப்பாதுரை பேர் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. 'அந்த லைனா? அது அட்டவணையிலயா இருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தானே அவருக்கு அட்டவணை வாசித்தேன்? அந்த வரியை வேகமாக வாசித்துவிட்டேனோ என்னவோ.

கையால் எழுதச் சொல்கிறாய். அது வேண்டாம் அண்ணா. அவர் எழுத மாட்டார். காரணம் கேட்காதே. என் கையெழுத்தை அவர் கையெழுத்தாக நினைத்துக்கொள்ளக் கூடாதா? அப்பாதுரைக்காகவாவது சொல்லிவிடு. பொங்கல் கழிந்ததும் மசோதா கேபினெட்டுக்குப் போகிறது. அதற்குப் பிறகு இவர் நினைத்தாலும் தொட முடியாது.

மன்னிக்கு என் அன்பு.

ராஜி

●

பெங்களூர்
20 அக்டோபர் 1993

ராஜிக்கு ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

எழுத மாட்டார், காரணம் கேட்காதே. சரி, கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த காரணம்தான். எழுதினால் அவர் என்னிடம் கேட்டதாக ஆகிவிடும்.

நான் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. ஆபீஸ் வழியாகச் சொல்லிப் பார்த்தேன். மாநில அரசின் கருத்தைக் கேட்டு உங்கள் குழுவிலிருந்து வந்த கோப்பில், லைன் சட்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி மேலே அனுப்பினேன். எங்கள் ஜட்ஜ் செயலாளர் கூப்பிட்டார். 'ஏன்ரீ சேஷகிரி, இவ்வளவு பழைய விஷயமெல்லாம் நமக்கு எதுக்கு? கருத்து இல்லைன்னு போட்டு அனுப்பிடுங்க. ஆயித்து.' ஆகிவிட்டது. என் மூன்று பக்கம் கோப்பைவிட்டு வெளியே வந்து என் மேஜைமேல் இருக்கிறது. டீ டம்ளர் வைக்கிறேன்.

நேற்று அப்பாதுரை வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். படியேறி வந்தவருக்கு மூச்சிரைப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. நான் காபி கொடுத்தால் இன்னும் நின்றுகொண்டேதான் குடிக்கிறார். 'உட்காருய்யா' என்றால், 'பழக்கம் சார், டவாலி இல்லன்னாலும் முதுகு வளைய மாட்டேங்குது' என்கிறார்.

'சார், சும்னே, சும்மாதான் கேக்குறேன். வெள்ளைச் சட்டை போட்டவன் ரெண்டு பேர் வந்து லைனை டேப்பு வச்சு அளந்துகினு போனான். இன்னாடான்னா, அபார்ட்மென்ட் வருதுன்றான். டில்லில சட்டம் எடுக்கப்போறாங்களாமே. நம்ம ராகவன் சார்தானே அங்க பெரிய ஆளு? அவரு இருக்கும்போது நமக்கு இன்னா பயம், இல்ல சார்?'

ஆமாம் என்றேன்.

ஒரு வரி, ராஜி. அவனிடம் சொல்லு.

அண்ணா

●

நுங்கம்பாக்கம்,
மெட்ராஸ்
10 நவம்பர் 1993

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். கங்கா ஸ்நானத்துக்கு முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறேன்.

ஒரு வேலையாக நானும் இவரும் மெட்ராஸ் வந்திருக்கிறோம். தெரிந்தவர் வீட்டு மாடியில் இருக்கிறோம். தீபாவளி இங்கேதான். பெங்களூர் வர இந்தத் தடவை தோதுப்படாது. மத்தாப்பு வாங்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். கீழ்வீட்டுக் குழந்தைகள் விடும் வெடிச் சத்தத்தைக் கேட்டு இது லட்சுமி, இது யானை வெடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதிகம் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ராஜி

●

பெங்களூர்
5 டிசம்பர் 1993

ராஜிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றி நீ கேட்கவில்லை.

மெட்ராஸ்வரை வந்தவர்களுக்குக் காலையில் பிருந்தாவனில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். உன் மன்னி தீபாவளிக்குச் செய்த தேங்காய்ப்பாலை யார் சாப்பிட்டது தெரியுமா? பக்கத்து வீட்டு ஜெயராஜ். கிறிஸ்துமஸ் கேக்கில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு காலத்தில், கல்யாணமான புதிதில், நீங்கள் மெட்ராஸ் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள் என்று தெரிந்தால் நான் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்வேன். சிட்டி ஸ்டேஷன் போய்ச் சேர ஆகும் அந்தக் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்காது. அவன் ஜன்னலோரத்தை எனக்காகத் துண்டு போட்டு வைத்திருப்பான். உனக்கு நடுவில்தான் இடம்.

அப்படிப்பட்டவன் மெட்ராஸ் மாடியில் உட்கார்ந்து வெடிச் சத்தம் கேட்கிறான். கேட்கட்டும்.

இனி மசோதாவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அண்ணா

●

பெங்களூர்
10 ஜனவரி 1994

ராஜிக்கு ஆசீர்வாதம். பொங்கல் வாழ்த்து.

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது. அது நம் வீட்டு வழக்கம்தானே.

எழுதப் போவதில்லை என்றேன். எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரையைப் பார்க்க லைனுக்குப் போனேன். கட்டிலில் இருக்கிறார். காந்தா அதே அடுப்பில் களி கிண்டினாள். மகள் ஷில்பா கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள். அவள்தான் கேட்டாள், 'அங்கிள், சட்டம் போனா நாங்களும் போகணுமா?' நான் மழுப்பினேன். அப்பாதுரை விடவில்லை. 'சார், நீங்க முகத்தை அப்படி வச்சிகினா ஃபைல்ல இன்னாமோ கீதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?' என்றார். அந்த ஓட்டை என்னவென்று அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தபடியே என்னை ஒன்று கேட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேபினெட்டுக்குப் போய்விட்டதா? அவன் எப்படி இருக்கிறான்? உன் ஆத்துக்காரரைக் கேட்கவில்லை. ராகவனைக் கேட்கிறேன்.

பதில் போடு.

அண்ணா

●

புது தில்லி

சேஷு,

நீ கேட்டபடி என் கையால்.

கெட்டவன் வேண்டும். சீக்கிரம்.

ராகவன்

●

பெங்களூர்
24 ஜனவரி 1994

ராஜி, ஆசீர்வாதம். இந்தக் கடிதம் உனக்கு இல்லை. அவனை எதிரில் உட்காரவைத்து உரக்கப் படி. இந்தத் தடவை திட்டு வந்தாலும் விடாதே. நடுவில் நிறுத்தி அழக் கூடாது. இப்போது ஆரம்பி.

ராகவா,

உன் கடிதம் வந்தது. முகவரி மட்டும் ராஜி எழுத்து. உள்ளே முதல் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது வரி முதல் வரிமேலேயே நடக்கிறது. உன் பேரின் கடைசி எழுத்து காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. உங்கள் வீட்டு மேஜைமேல் இருக்கும், ராஜியைப் பார்க்கச் சொல்லு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தேன். பாகீரதி வந்து வாங்கிப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள், 'ஐயோ, இவருக்குக் கண் தெரியலையே!'

பிறகு ராஜி கடிதங்களை எடுத்து வாசித்தேன். காரை விற்றாள். பேப்பர் வாசித்தாள். டம்ளர் விழுந்தது. மத்தாப்பு வேண்டாம் என்றாய். நுங்கம்பாக்கத்துக்கு எதற்காக ஜனங்கள் போகிறார்கள் என்று பெங்களூரில் எந்த ஆட்டோக்காரனும் சொல்வான்: கண் ஆஸ்பத்திரிக்கு. உலகத்தில் யார் எழுதியதிலும் ஓட்டை பார்க்கிறவன், தங்கை எழுதியதை நல்லவன் மாதிரி வாசித்திருக்கிறேன்.

போகட்டும். நேரமில்லை. காப்புப் பிரிவை எடுத்துக்கொள். நாம் ஏரிக்கரையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்துகொண்டிருக்கிறோம். கடலை உன் கையில். நான் அபார்ட்மென்ட் கட்டுகிறவனுடைய வக்கீல். கேள்:

'யுவர் ஹானர், அப்பாதுரைக்கு உரிமை இல்லைன்னு யார் சொன்னா? தாராளமா உண்டு. ஏற்கனவே உள்ள உரிமையை மசோதா காப்பாத்தறது. என் கட்சிக்காரர் தங்கமான மனுஷர். அப்பாதுரை இருக்கறவரைக்கும் அந்த வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. ஆனா பாருங்கோ, பாவம், போன வாரம் அவர் காலமாயிட்டார். நாங்க மாலைகூடப் போட்டோம். இப்ப அந்த அம்மா காந்தா, வீடு எனக்குங்கறா. அவளுக்கு உரிமை எப்பப் பொறக்கணும்? புருஷன் கண்ணை மூடினப்போ. அன்னிக்கு அந்தச் சட்டம் எங்கே? ராகவன்னு ஒரு பெரிய மனுஷர் நீக்கிட்டார்! இல்லாத சட்டத்துல பொறக்காத உரிமையைக் கோர்ட் எப்படி யுவர் ஹானர் காப்பாத்தும்? இன்னிக்குக் காந்தா, நாளைக்கு அடுத்த வீட்டு அய்யாவு பெண்டாட்டி. நாங்க அவசரப்படலை. ஒவ்வொருத்தரா சாகட்டும், ஒவ்வொரு வீடா எடுத்துக்கறோம்.'

அவ்வளவுதான். மாட்டுவண்டி போகிறதா?

அப்பாதுரை என்னைக் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். 'அப்போ மசோதா பாஸாவுறதுக்கு முன்னாடியே நான் போய்ட்டா காந்தாவுக்கு வூடு நிக்கும், கரெக்டா சார்? அப்ப சீக்கிரம் கிளம்பறது தேவலை.' காந்தா கரண்டியோடு வந்து அவர் வாயில் ஒன்று வைத்தாள்.

தில்லி இடத்தின் விஷயம் வேறு. அதில் ஒரு கால்புள்ளியைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. நினைவிருக்கட்டும்.

ராகவா, இப்போது நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு.

சேஷு

●

புது தில்லி
9 பிப்ரவரி 1994

அண்ணாவுக்கும் மன்னிக்கும் ராஜி அநேக நமஸ்காரம்.

நான் அழவில்லை. மாலை போட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன்.

படித்து முடித்தேன். இவர் தலையை ஆட்டி 'நக்கோ' என்றார். மேஜையில் பேனாவைத் தடவி எடுத்தார். மசோதாவின் அந்தப் பக்கத்தை நான் பிரித்துக் கொடுத்து, விரலை வரிமேல் வைத்தேன். ஒரு கோடு போட்டார். கோடு கோணலாகப் போய் பக்கத்துப் பிரிவையும் பாதி அடித்துவிட்டது. 'அதுலயும் ஏதாவது ஓட்டை இருக்கும், போகட்டும்' என்றார்.

அன்றைக்கே புதிய பிரிவைச் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது உள்ளவர்களுக்கு மட்டுமில்லை. அவர்களுக்குப் பின்னால் மனைவி, மக்கள் என்று யார் யாருக்கு அந்தச் சட்டத்தில் வந்திருக்குமோ, சட்டம் நீக்கப்படாததுபோலவே அவர்களுக்கும் வரும். திரும்ப வாசிக்கட்டுமா என்றேன். 'வேண்டாம், சேஷுவுக்கு அனுப்பு' என்றார். இதோடு வைத்திருக்கிறேன். நாலாவது வரியில் மை கொட்டியது நான்.

உன்னிடம் சொல்லாததற்கு என்மேல் கோபப்படு. ஆபீஸில் தெரிந்தால் மசோதாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று அங்கே மறைத்தார். உன்னிடம் மறைத்த காரணம் வேறு. 'சேஷுவுக்குத் தெரிஞ்சா பாவம்னு பார்ப்பான். பாவம் பார்க்கறவனால கெட்டவனா வாசிக்க முடியாது' என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'ராகவனைக் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டுவிட்டு, 'காகிதம் கொண்டா' என்றார்.

மெட்ராஸில் சொல்லிவிட்டார்கள். இனி வெளிச்சமும் நிழலும்தான். உன் பதிலுக்குக் காத்திருக்க நாளில்லை; மசோதா போன வாரமே கேபினெட்டுக்குப் போயிற்று, புதிய பிரிவோடு. மறுநாள் இவர் ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டார். அதிதி பரீட்சை முடிந்ததும் மே மாதம் பெங்களூருக்கே வந்துவிடுகிறோம். உங்கள் பக்கமாக ஒரு வீடு பார்ப்பாயா? ஏரிக்குப் பக்கத்தில் வேண்டுமாம்.

'சாயங்காலம் சேஷுவோட ஏரியைச் சுத்தணும். ஆனா இப்ப அவன் கையைப் பிடிச்சுண்டுன்னா போகணும்? தில்லி கோபத்துல தண்ணியில தள்ளிவிட்டுட்டான்னா?' என்று கேட்கச் சொன்னார்.

அந்த தில்லி விஷயத்தையும் நேரில் விளக்கிச் சொல்லுகிறாராம்.

ராஜி

●

பெங்களூர்
2 மார்ச் 1994

சௌபாக்கியவதி ராஜிக்கு ஆசீர்வாதம்.

எல்லோரும் க்ஷேமம். புதிய பிரிவைக் கெட்டவனாகவே நாலு தடவை வாசித்தேன். புக முடியவில்லை. மை கொட்டிய இடத்திலும் முயன்று பார்த்தேன்.

அப்பாதுரைக்குச் சொல்லிவிட்டேன். இனிமேல் எப்போது போனாலும் காந்தாவுக்கு வீடு நிற்கும் என்றேன். 'அப்போ நிதானமா போலாம்ன்றீங்க' என்றார். எழுந்து உட்கார்ந்து களி கேட்கிறார்.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெருவில் ஒரு கீழ்வீடு இருக்கிறது. படி இல்லை. உன் மன்னி போய்ப் பார்த்து, சமையலறையில் வெளிச்சம் போதாது என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேசி முடித்துவிட்டேன்.

டெபுடேஷன் விஷயத்தை விளக்க வேண்டாம் என்று ராகவனிடம் சொல்லு. ஒருவேளை நியாயமான காரணமாக இருந்துவிட்டால் என்ன செய்வேன்? அவன் தில்லி போனதிலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் கோபம். அது என்னோடு இருக்கட்டும்.

நீங்கள் வருகிற அன்று கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்கிறேன். ஜன்னலோரம் அவன் உட்காரட்டும், காற்றாவது வரும். உனக்கு நடுவில்தான் இடம்.

அப்புறம், ஏரியைச் சுற்றி இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். தள்ளிவிட முடியாது என்று அவனிடம் சொல்லு.

அண்ணா